காட்டுப்பூனைத் தோட்டாவும் ஒரு மெரூன் பொட்டும்

மெல்பர்னில், த பேசின் பிள்ளையார் கோயிலின் சாப்பாட்டு வரிசையில், புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவே, அந்தச் செய்தி பிறந்தது. கிரெய்கிபர்ன் சேஷாத்ரி மாமா மான் அடிக்கிறாராம். அடித்து, உரித்து, துண்டு போட்டு, கராஜில் இருக்கிற இரண்டாவது ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருக்கிறாராம். தயிர்சாதம் தட்டில் விழுவதற்குள் மான் கடமானாக வளர்ந்துவிட்டது. கைகழுவும் இடத்தில் அதற்குக் கொம்பு முளைத்தது. செய்தி ஹ்யூம் நெடுஞ்சாலையில் ஏறிச் சிட்னி பிளாக்டவுன் மளிகைக் கடைகளை எட்டியபோது போலீஸ் கார்களும் கூடச் சேர்ந்துகொண்டன. அவர் மனைவி வேதவல்லி மாமி மனம் வெறுத்துப் பிரிஸ்பேனில் இருக்கும் மகள் ஹரிப்பிரியாவிடம் போய்விட்டதாகவும், பெருமாள் படத்தை மட்டும் கையோடு எடுத்துப்போனதாகவும் கூடுதல் விவரம்.

முட்டைகூடச் சேர்க்காத குடும்பம். கேக் வாங்கினால் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற குடும்பம். அதனால்தான் செய்திக்கு அத்தனை ருசி.

வதந்திக்கும் ஒரு மரியாதை உண்டு. போய்ப் பார்த்துவிட்டுத்தான் அதை நம்பாமல் இருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் பாதிக்குமேல் உண்மை. வதந்திகளிடம் இதுதான் தொந்தரவு. துப்பாக்கி இருக்கிறது, அதற்கு உரிமமும் இருக்கிறது. போலீஸ் வந்ததும் நிஜம். ஆனால் ஒரே ஒரு கார். துப்பாக்கிப் பெட்டகம் சுவரோடு ஒழுங்காகத் திருகப்பட்டிருக்கிறதா என்று வந்து பார்த்துப்போவது இங்கே வழக்கம். வந்த பெண் கான்ஸ்டபிள் பெட்டகத்தைப் பிடித்து ஆட்டினாள். அது அசையவில்லை. வேதவல்லி கொடுத்த ஃபில்டர் காபியைக் குடித்தாள், இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டாள், போய்விட்டாள். ஃப்ரீசரும் இருக்கிறது. திறந்தால் துருவிய தேங்காய், உரித்த சின்ன வெங்காயம், விறகு மாதிரி அடுக்கிய முருங்கைக்காய். வேதவல்லி பிரிஸ்பேன் போனதும் உண்மைதான். அங்கே புழுக்கம் தாங்காமல் போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டார். பெருமாள் இடத்தைவிட்டு நகரவே இல்லை.

மான்? அதைப் பார்க்கச் சேஷாத்ரிக்கு உள்ளேதான் போக வேண்டும். ஏனென்றால் மான் இருப்பது அங்கேதான்.

சேஷாத்ரிக்குத் தொழில் தராசு. செய்வதில்லை, விற்பதில்லை; சரிபார்ப்பது. ஆஸ்பத்திரி மருந்தகம், நகைக்கடை, ரொட்டி ஆலை, இறைச்சிக் கடை என்று மெல்பர்னின் வடக்குப் பக்கத்தில் எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் ஒரு பெட்டி நிறைய எடைக்கற்களோடு போய் இறங்குவார். கையுறை மாட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கல்லைத் தட்டில் வைப்பார். தராசு சரி என்றால் ஒரு ஸ்டிக்கர். சரியில்லை என்றால் வேறு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். குடிவந்த நாளிலிருந்து இதே வேலை. ஊரார் செய்ததையெல்லாம் சரி, சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போயிற்று. ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, நான் செய்தது என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள உலகத்தில் ஒரு பொருள்கூட இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். விளக்கு பச்சையானது, மறுபடி சிவப்பானது, அந்த நினைப்பு மட்டும் அப்படியே நின்றது.

அந்த நினைப்போடு அவர் போய்ச்சேர்ந்த இடம் கில்மோர். அங்கே ட்ரெவர் என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக். அவருடைய பட்டறையில் வெடிமருந்து நிறுக்கும் ஒரு குட்டித் தராசைச் சரிபார்க்கப் போனவர், தராசைப் பார்த்து முடித்த பிறகும் கிளம்பவில்லை. ஒரு கறிவேப்பிலை இலையின் எடையைக்கூடச் சொல்லிவிடும் தராசு அது. இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டார். ட்ரெவர் ஒரு தோட்டாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. கடையில் வாங்காமல் இதைத் தானே தயாரித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கும் மேலே, எந்தக் கம்பெனியும் செய்து விற்காத ஒரு தோட்டாவைத் தானே உருவாக்குகிறவர்களும் உண்டு. அந்த ரகத்துக்கு வைல்ட்கேட் என்று பெயர். காட்டுப்பூனை.

“யாரும் செய்யாததா?” என்று கேட்டார் சேஷாத்ரி.

“யாருக்கும் தேவைப்படாதது” என்றார் ட்ரெவர்.

சேஷாத்ரிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காட்டுப்பூனை பிறக்கும் விதம் விசித்திரமானது. கடையில் கிடைக்கும் ஏதோவொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அச்சில் விட்டு அழுத்தி, கழுத்தைக் குறுக்க வேண்டும். அந்தக் கூடு உட்காருவதற்கென்று துப்பாக்கியின் அறையைப் புதிதாகக் குடைய வேண்டும். அதை ட்ரெவர் செய்து கொடுத்தார். முதல் தடவை சுடும்போது கூடு உள்ளே உப்பி, இட்லி தட்டின் குழியை வாங்கிக்கொள்வதுபோல அறையின் வடிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அப்போதுதான் அது பிறந்ததாகக் கணக்கு. அதற்கு எவ்வளவு மருந்து என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கீழேயிருந்து பயந்து பயந்து ஏற வேண்டும். அழுத்தம் தாங்காமல் பித்தளை முகத்தைச் சுளித்தால் உடனே இறங்க வேண்டும்.

சனிக்கிழமைக் காலைகளில் சேஷாத்ரி கராஜுக்குள் போய்விடுவார். கிழக்கு ஜன்னல் வழியாக வெளிச்சம் மேஜைமேல் சாய்ந்து விழும். சீரகத்தை இன்னும் பொடிசாக நறுக்கியதுபோல் இருக்கும் அந்த மருந்து, தராசுத் தட்டில் ஒவ்வொரு துணுக்காக உதிரும். முள் ஆடும். ஆடி, யோசித்து, நிற்கும். முள் நிற்கிற அந்தக் கணத்தில் மெல்பர்ன் முழுக்க நின்றுவிட்டதுபோல அவருக்கு இருக்கும். குண்டு கிளம்பிவிடும். சுடாமலே. கராஜ் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் துணி உலர்த்தும் கொடியைத் தாண்டி, வடக்கே மலைகளின் மேல், நூல் இழுத்ததுபோல ஒரு கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். அது எங்கேயும் போய் விழுவதில்லை. விழவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

“ஏன்னா, காபி ஆறிண்டிருக்கு” என்ற குரல் வரும்போது குண்டு எங்கேயோ வானத்தில் தனியாக நிற்கும்.

இப்போது மான்.

பக்கத்து வீட்டு இந்திரகுமார் யாழ்ப்பாணத்துக்காரர், கூரையில் சோலார் பலகை பூட்டுகிறவர், வேட்டைக்கும் போகிறவர். “அண்ணை, கராஜுக்குள்ளயே வச்சு எத்தனை காலத்துக்குத் தராசில நிறுப்பியள்? ஒருக்கா மலைக்கு வாங்கோ” என்று நச்சரித்து ஒரு குளிர்காலத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். வேதவல்லி தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார். வேட்டைக்குத் தயிர்சாதத்தோடு போன முதல் ஆள் என்று இந்திரகுமார் வழிநெடுகச் சிரித்தார். பிறகு பாதியைச் சாப்பிட்டவரும் அவர்தான்.

மலையில் மூடுபனி. யூகலிப்டஸ் மரங்களின் கால்கள் மட்டும் தெரிந்தன, தலைகள் இல்லை. மரம்போல உயர்ந்த பெரணிகள் குடை பிடித்துக்கொண்டு நின்றன. சத்தமே இல்லை, எங்கோ ஒரு பறவை மட்டும் தண்ணீர்ச் சொட்டு மாதிரி கூவியது.

“அண்ணை” என்று இந்திரகுமார் மூச்சால் சொன்னார். “அங்க பாருங்கோ. மரை.”

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் கடமான் மெல்ல உருவாகி நின்றது. யாரோ பென்சிலால் அதை அப்போதுதான் வரைந்துகொண்டிருப்பதுபோல. சேஷாத்ரி துப்பாக்கிமேல் இருந்த குறிக்கண்ணாடிக்குள் பார்த்தார். காது திரும்பியது. மூக்கிலிருந்து புகை வந்தது. இந்தக் கடமான்களின் முன்னோர்களை அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள் என்று ட்ரெவர் சொல்லியிருந்தார். நம்ம பக்கத்து ஆள்தானா, என்று நினைத்துக்கொண்டார் சேஷாத்ரி. ஆங்கிலப் பரீட்சை எழுதாமல் வந்து சேர்ந்த பரம்பரை.

“அடியுங்கோவன்!”

“இருங்கோ. காத்து பாக்கறேன்.”

காற்றைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். தூரத்தைப் பார்த்தார். குளிரில் மருந்து கொஞ்சம் சோம்பலாக எரியும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். மனசுக்குள் கணக்கு ஓடியது. கணக்கு ஓட ஓட அந்த மானும் அவரும் ஒரே மூச்சை விட்டுக்கொண்டிருப்பதுபோல ஆயிற்று. விடை வந்தபோது பனி மட்டும் இருந்தது.

“நீங்கள் கணக்கு முடிக்குமட்டும் நிக்க, அது என்ன பீஆர் விசா கிடைச்ச மரையே?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் இந்திரகுமார்.

“விடை சரியா வந்துடுத்து” என்றார் சேஷாத்ரி. முகமெல்லாம் நிறைவு.

வீடு திரும்பிய வாரம் கோயிலில் இந்திரகுமார் யாரிடமோ சொன்னார்: “அண்ணைக்கு மரை ஆம்பிட்டது.” ஒரு வாய் புளியோதரையை விழுங்கிவிட்டு, “கண்ணாடிக்குள்ள” என்று முடித்தார். முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. இவ்வளவுதான் அந்த மான்.

வதந்தி இதோடு தீர்ந்தது. சேஷாத்ரியின் பிரச்சினை தீரவில்லை. ஏனென்றால் வசந்தத்தின் நடுவில் ஒரு மாலை கிரெய்கிபர்ன்மேல் ஆலங்கட்டி கொட்டியது. கராஜில் மேஜையும் அச்சும் பெட்டகமும் இருந்ததால் வாசலில் நின்ற கார், அத்தனையையும் முதுகில் வாங்கிக்கொண்டது.

“காருக்கு அம்மை போட்டிருக்கு, வந்து பாருங்கோ” என்றார் வேதவல்லி.

சேஷாத்ரி வந்து பார்த்தார். குழிகளின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதே என்று அவர் மனசு போனதை வேதவல்லி கண்ணிலேயே பிடித்துவிட்டார்.

“துப்பாக்கிக்கு உள்ளே இடம், காருக்கு வாசலா? எத்தனை வருஷமா இந்தப் பூனை குட்டி போடப்போறது? அதை யாருக்காவது குடுத்துட்டு மேஜையை எடுங்கோ. கார் உள்ளே வரணும்.”

“இன்னும் கொஞ்சம்தான் வேதா. ஒரே இடத்துல விழறதுக்கு ரொம்பக் கிட்ட வந்தாச்சு.”

“கிட்டன்னா?”

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். வேதவல்லியின் நெற்றியில் பெரிய சைஸ் மெரூன் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. “நூறு மீட்டர்ல அஞ்சு தடவை சுட்டா, அஞ்சு ஓட்டையையும் உன் பொட்டு ஒண்ணால மறைச்சுடலாம். அவ்வளவு கிட்ட.”

வேதவல்லி உள்ளே போய்ப் பொட்டு அட்டையை எடுத்து வந்தார்.

“சரி. மறைஞ்சா கராஜ் உங்களுக்கு. காருக்கு நான் பந்தல் போட்டுக்கறேன். மறையலேன்னா மேஜை, அச்சு, பூனை எல்லாம் ட்ரெவர் வீட்டுக்கு. நானே வந்து ஒட்டிப் பாப்பேன்.”

இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சேஷாத்ரிக்குக் கனவிலும் பொட்டுதான். காட்டுப்பூனையை விடுவது என்றால் துப்பாக்கியை விடுவதல்ல. தான் செய்தது என்று ஸ்டிக்கர் ஒட்ட இருந்த ஒரே பொருளை, சரியா சரியில்லையா என்று தெரியாமலே இன்னொருவர் பட்டறையில் கொண்டுபோய்ப் போடுவது. நல்ல கூடுகளாகப் பொறுக்கி எடுத்து எடைவாரியாகப் பிரித்தார். ஒருமுறை சுட்டது, இருமுறை சுட்டது, அதற்குமேல் சுட்டது என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்கர் பேனாவால் வேறு வேறு நிறத்தில் கோடு போட்டார். திரும்பத் திரும்பச் சுட்டால் பித்தளை இறுகும். இறுகியது ஒரு மாதிரி பிடிக்கும், இறுகாதது வேறு மாதிரி. கலந்தால் குண்டு சிதறும். கலந்துவிடாமல் வைக்கக் குழிகுழியாக ஏதாவது வேண்டும் என்று தேடியதில் கையில் அகப்பட்டது குழிப்பணியாரச் சட்டி. அதில் அத்தனை கூடுகளும் இனம் பிரிந்து, பூஜைக்கு வைத்ததுபோல அமர்ந்தன.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தார். மறுநாள் சுட வேண்டும். சமையலறையில் பணியார வாசனை. கால் நின்றுவிட்டது.

“வேதா, அந்தச் சட்டி...”

“அதை ஏன் கராஜ்ல வெச்சேள்? தேடித் தேடி அலுத்துட்டேன். கவலைப்படாதேங்கோ, உங்க பித்தளையெல்லாம் பத்திரமா இருக்கு. அழுக்கா, கறுப்பா, பார்க்கச் சகிக்கலை. விளக்கு தேய்க்க உக்காந்தேன், இதையும் சேர்த்துத் தேய்ச்சுட்டேன்.”

கொல்லைப்புறத்தில் ஒரு பழைய வேட்டி விரித்திருந்தது. அதன்மேல் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், உத்தரணி. அவற்றின் பக்கத்தில், அத்தனை கூடுகளும் ஒரே குவியலாக, தங்கம் மாதிரி. ஒன்றின் மேலும் ஒரு கோடு இல்லை.

“பிராஸோவா போட்டே?” என்று பதறினார் சேஷாத்ரி. அந்தப் பாலிஷில் இருக்கும் அமோனியா பித்தளையை உள்ளுக்குள் உளுத்துப்போகச் செய்யும். உளுத்த கூடு துப்பாக்கிக்குள் பிளந்தால் முகத்துக்கு ஆபத்து.

“சுவாமி விளக்கைத் தேய்க்கற கையால பிராஸோ தொடுவேனா? புளிதான்.”

சேஷாத்ரி வேட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மாலை வெயில் கூடுகளில் பட்டு அவர் சட்டையில் சின்னச் சின்ன வெளிச்சங்களாக ஊர்ந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அவை அவ்வளவு அழகாக இருந்தன. ஒன்றை எடுத்து வாயருகே வைத்து ஊதினார். மெல்லிய குழல் சத்தம் வந்தது.

“நன்னாத்தானே இருக்கு?” என்றார் வேதவல்லி. பிறகு கணவரின் முகத்தைப் பார்த்து, குரல் இறங்கி, “ஏதாவது கெடுத்துட்டேனா?”

“இல்லே இல்லே” என்றார்.

எடையை மறுபடி பார்த்துப் பிரிக்கலாம், பிரித்தார். வளைத்த கம்பியை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு, அடிப்பக்கம் விரிசலுக்கான தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இல்லை. ஆனால் எது எத்தனை தடவை சுட்டது என்பதை இனி எந்தத் தராசும் சொல்லாது. கடைசியில் கையில் எடுத்தபோது மனசு சரி என்று சொன்ன ஐந்தைத் தனியே எடுத்து, மருந்தும் குண்டும் ஏற்றினார். தராசுக்காரர் வாழ்நாளில் மனசால் எடை போட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை, வடக்கு மலையடிவாரத்தில் இருக்கும் சுடுகளத்தில் மூடுபனி இடுப்பளவு கிடந்தது. அன்றைக்குக் களப்பொறுப்பு ட்ரெவருக்கு. வேதவல்லி சேலைக்குமேல் பெரிய ஜாக்கெட்டும், கீழே ஸ்னீக்கரும், காதில் ஆரஞ்சு நிறக் கவசமுமாக மடக்கு நாற்காலியில் அமர்ந்தார். இந்திரகுமார் சாட்சிக்கு வந்திருந்தார். நிஜத்தில் பணியாரத்துக்கு.

குறி பார்க்கும் அட்டையின் நடுவில் சேஷாத்ரி ஒரு மெரூன் பொட்டை ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் வேதவல்லி எழுந்துவிட்டார்.

“ஏன்னா! ஆத்துக்காரி பொட்டைப் பாத்து யாராவது சுடுவாளா?”

“பாக்கறது பொட்டைத்தான். விழறது அதுக்குக் கீழே. கண்ணாடியை அப்படித் திருப்பி வெச்சிருக்கேன். உன் பொட்டு மேல படாது.”

“பட்டுதோ, அப்புறம் கராஜ்லதான் படுக்கை.”

“அக்கா, அண்ணைக்கு அதுதானே வேணும்!” என்றார் இந்திரகுமார்.

சிவப்புக் கொடி ஏறியது. “யூ ரைட், செஷ்?” என்றார் ட்ரெவர். சேஷாத்ரி தலையாட்டிவிட்டுத் துப்பாக்கிக்குப் பின்னால் குனிந்தார்.

கண்ணாடிக்குள் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில், முகமில்லாத ஒரு நெற்றியில்போல, பொட்டு மட்டும் மிதந்தது. மூச்சை விட்டார். விரல் தானாகவே நகர்ந்தது. முதல் குண்டு போயிற்று. கண்ணாடியில் பார்த்தார்: பொட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டாவதற்குப் புள்ளி கொஞ்சம் அகலமாயிற்று. மூன்றாவதற்கு நிலாவைப் பாம்பு தொட்டதுபோல ஓரத்தில் ஒரு வளைவு. நாலாவதற்கு எதுவுமே மாறவில்லை. குண்டு ஏற்கனவே இருந்த ஓட்டைக்குள்ளேயே போய்விட்டது.

“ஐயோ, அண்ணை” என்று தொலைநோக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இந்திரகுமார் கிசுகிசுத்தார். ட்ரெவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஐந்தாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டினார் சேஷாத்ரி. கலந்துபோன பித்தளை, அழிந்துபோன கோடு, எல்லாம் பொருட்டே இல்லையா? இத்தனை காலம் பிரித்து வைத்ததெல்லாம் எதற்கு? இந்த யோசனை வந்தபோது பனி லேசாக அசைந்தது. மலையில் அன்று கண்ட கடமான் அந்த வெள்ளைக்குள் வந்து நின்றது. காது திரும்பியது. மூக்கில் புகை. அதன் நெற்றியில் மெரூன் பொட்டு. சேஷாத்ரிக்குச் சிரிப்பு வந்தது. விரல், அவர் இல்லாத நேரம் பார்த்து, அழுத்திவிட்டது.

சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கடமான் கலைந்துபோயிற்று. தவறு எங்கே என்று சேஷாத்ரிக்குக் கண்ணாடியில் பார்க்காமலே தெரிந்தது. பித்தளையில் இல்லை. சட்டியில் இல்லை.

கொடி இறங்கியதும் எல்லோரும் ஈரப் புல்லில் நடந்து போனார்கள். வேதவல்லி கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து, அதே சைஸில் ஒன்றை உரித்து, ஓட்டையின்மேல் வைத்தார். இடதுபக்கம் நகர்த்தினார். மேலே நகர்த்தினார். எப்படி வைத்தாலும் ஒரு ஓரத்தில் நகக்கீறல் அளவு பிறையொன்று வெளியே தெரிந்தது.

“செஷ், தட்ஸ் ப்ளடி பியூட்டிஃபுல்” என்றார் ட்ரெவர். அவருக்கு ஒப்பந்தம் தெரியாது.

“அக்கா, அது ஓட்டையில்லை, கடதாசி கிழிஞ்சது” என்று வாதாடினார் இந்திரகுமார்.

“கிழிசலுக்கும் ஓட்டைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும், தம்பி. முப்பது வருஷமா இவர் வேட்டியைத் தைக்கறேன்.” வேதவல்லி கணவர் பக்கம் திரும்பினார். “மறையலை.”

சேஷாத்ரி அந்தப் பிறையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேஜை கண்முன்னால் போயிற்று. அச்சு போயிற்று. கிழக்கு ஜன்னல் வெளிச்சம் காரின் கூரைமேல் வீணாக விழுந்தது. வாய் அவரைக் கேட்காமல் பேசியது.

“அஞ்சாவது எந்தக் கூடோ... எல்லாம் கலந்துபோச்சே.”

சொன்ன உடனே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். எடுக்கவில்லை.

“அப்போ என் புளிதான் காரணமா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“சொல்லலை. ஆனா சொல்றேள்.” வேதவல்லி பொட்டை உரித்து, என்ன செய்வது என்று தெரியாமல் தன் நெற்றியில் இருந்த பொட்டுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அந்த மூடுபனியில் அது சேஷாத்ரிக்கு நன்றாகவே தெரிந்தது. “நான் கலந்ததால போச்சுன்னா அது நியாயமில்லை. சரி. ஒரு குண்டு உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன். இன்னொரு நாள் வந்து அந்த ஒண்ணை மட்டும் சுடுங்கோ. இதே அட்டையிலே. நாலோட அதுவும் சேர்ந்து மறைஞ்சா கராஜ் உங்களுக்கு. அதுவரைக்கும் பாதி உங்களுக்கு, பாதி காருக்கு.”

“அக்கா, சுப்ரீம் கோர்ட்டிலகூட இப்பிடித் தீர்ப்பு வராது” என்றார் இந்திரகுமார், பணியாரத்தை மென்றபடி.

தீர்ப்பு அன்றைக்கே அமலுக்கு வந்தது. காரின் முன்பாதி இப்போது கராஜுக்குள் இருக்கிறது. விளக்குகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பின்பாதி வாசலில், வானத்தை நம்பி. ஓட்டை விழுந்த அட்டை சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேதவல்லி இப்போதெல்லாம் விளக்கைத் தேய்க்க உட்காருமுன், “உங்களோடது ஏதாவது இதுல இருக்கா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் சேஷாத்ரி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்விடுகிறார்.

அந்த ஒற்றைத் தோட்டா தயாராகிவிட்டது. பூட்டிய பெட்டியில் இருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. அதைச் செய்தவருக்கு அது நன்றாகத் தெரியும். சுட்டால் மறைந்துவிடும். மறைந்துவிட்டால் புளிதான் கெடுத்தது என்று வேதவல்லி முடிவுகட்டிவிடுவார். மறையாவிட்டால் மேஜை ட்ரெவர் வீட்டுக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில், சனிக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்துகொண்டிருக்கின்றன. ஒரு வாரம் பனி அதிகம் என்றார். ஒரு வாரம் பனியே இல்லை, கானல் ஆடும் என்றார்.

இந்தச் சனிக்கிழமை இலை அசையவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் இந்திரகுமாரின் சட்டைகள் சுவரில் வரைந்ததுபோல நின்றன. சேஷாத்ரி காரின் பின்பாதிக்கு அருகே நின்று, மலைகளின் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காத்து எப்படி இருக்கு?” என்று உள்ளேயிருந்து கேட்டார் வேதவல்லி. “இன்னிக்கு அந்தக் கடனைத் தீர்த்துடலாமா?”

“காத்து அடிக்கறது வேதா” என்றார் சேஷாத்ரி.